வேற்றுலக உயிரும் சான்றின் சுமையும்

விண்ணை நோக்கிய மனிதன், அங்கும் உயிர்கள் உளவோ என வினவியது இன்று நேற்றல்ல. அண்டங்கள் எண்ணிறந்தன என்னும் கருத்து கீழைத்தேயச் சிந்தனைக்குப் புதியதன்று. மாணிக்கவாசகரின் திருவண்டப்பகுதி அண்டங்களின் பெருக்கத்தையும் அப்பெருக்கத்தின் முன் தனியோர் உலகின் சிறுமையையும் ஒருங்கே பேசுகின்றது. பௌத்த நூல்களும் உலகத் தொகுதிகள் பலவற்றைக் குறிப்பிடுகின்றன. ஆயினும் முன்னோர்க்கு இவ்வினா பக்தியோடும் தத்துவத்தோடும் இணைந்த ஒன்றாகவே இருந்தது. உண்டு என்றவரையும் இல்லை என்றவரையும் சோதித்துப் பார்க்கும் வழி எதுவும் அன்றிருக்கவில்லை.

இன்று நிலைமை வேறு. ஞாயிற்றை ஒத்த பிறிதொரு விண்மீனைச் சுற்றிவரும் கோள் ஒன்று 1995ஆம் ஆண்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதன் பின்னர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கோள்கள் கணக்கில் வந்துள்ளன. அவற்றுட் சிலவற்றின் வளிமண்டலத்தை ஊடுருவி வரும் ஒளியைப் பகுத்து, அங்குள்ள வாயுக்கள் எவையென ஆராயும் தொலைகாட்டிகளும் விண்வெளியில் இயங்குகின்றன. ஆகவே, நம்பிக்கையின் எல்லைக்குள் நின்ற வினா சான்றின் எல்லைக்குள் வந்து சேர்ந்துள்ளது.

சான்று என்னும் சொல் வந்தவுடன் அதனோடு மற்றொரு வினாவும் எழுகின்றது. சான்று காட்ட வேண்டியவர் யார்? உயிர் உண்டு என்பவரா, இல்லை என்பவரா? சான்று போதாதபோது முடிவை எப்பக்கம் சாய்ப்பது? மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது தருக்கவியலின் வினாவாகவே தோன்றும். ஆழ்ந்து நோக்கின் இது அறவியலின் வினா என்பது புலப்படும். இவ்வினாவை ஆராய்வதற்கு இலங்கையின் ஊவா மாகாணம் தக்கதொரு களமாகும். தொலைவிலிருந்து உயிரைத் தேடும் கருவிகள் எதனைத் தேடுகின்றனவோ அப்பச்சிலை பதுளையைச் சூழ்ந்த மலைகளில் நிறைந்து கிடக்கின்றது. வேற்றுலக உயிரைச் சுமந்து வந்ததெனச் சிலரால் கருதப்பட்ட செந்நிற மழை அம்மாகாணத்திலும் பெய்தது. எல்லாவற்றிற்கும் மேலாக, சான்றின் சுமை தவறான தோள்மீது ஏற்றப்படும்போது மனிதர்க்கு நேர்வது யாது என்பதை அங்குள்ள தோட்ட மக்களின் வரலாறு தெளிவுறக் காட்டுகின்றது.

கருவி காணும் உயிர்

தொலைவிலுள்ள உலகொன்றில் உயிர் உண்டா என்பதைக் கண்டறியும் முறையினைச் சோதிப்பதற்குப் பூமியே ஒருமுறை பயன்பட்டது. வியாழனை நோக்கி அனுப்பப்பட்ட கலிலியோ விண்கலம் 1990 டிசெம்பர் 8ஆம் திகதி பூமியை அண்மித்துச் சென்றது. அமெரிக்க வானியலாளர் கார்ல் சேகனும் அவருடைய சகாக்களும் அக்கலத்தின் கருவிகளைப் பூமியின்பால் திருப்பச் செய்து, இவ்வுலகைப் பற்றி யாதும் அறியாதார் போன்று, இங்கே உயிர் உண்டா என ஆராய்ந்தனர். அவர்களது முடிவுகள் 1993இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளிவந்தன.

அக்கருவிகள் சில அடையாளங்களைக் கண்டன. வளிமண்டலத்தில் ஒட்சிசன் மிகுதியாக இருந்தது. அதனுடன் மெதேன் வாயுவும் கலந்திருந்தது. இவ்விரண்டும் நெடுங்காலம் ஒருங்கே நிலைபெறுவன அல்ல. ஒட்சிசனோடு தாக்கமுற்று மெதேன் அழிந்துபோகும். அழிந்தும் அது குறையாதிருப்பதால், அதனை இடையறாது புதுப்பிக்கும் ஏதோவொன்று அங்கே இருத்தல் வேண்டும். அடுத்து, நிலப்பரப்பில் ஒரு நிறப்பொருள் பரந்து கிடந்தது. அது செந்நிற ஒளியை உறிஞ்சி, ஏறக்குறைய 700 நனோமீற்றருக்கு அப்பாலுள்ள, கண்ணுக்குப் புலப்படாத செங்கீழ்க்கதிரைப் பெருமளவில் தெறிக்கச் செய்தது. நிறமாலையில் இது செங்குத்தான ஒரு படியைப் போலத் தோன்றும். இதனைச் செவ்விளிம்பு என்பர். இது பச்சையத்தின் கையொப்பம் எனலாம். இறுதியாக, இயற்கையில் தோன்றாதனவாகிய ஒழுங்கமைந்த வானொலி அலைகளும் பதிவாயின.

இவ்வாராய்ச்சியில் குறிப்பிடத்தக்க செய்தி ஒன்றுண்டு. அவுஸ்திரேலியா, அந்தாட்டிக்கா ஆகிய கண்டங்களின் மீது எடுக்கப்பட்ட படங்களில் மனிதன் அகப்படவில்லை. அவனது நகரமோ வீதியோ வயலோ உறுதியாக இனங்காணப்படவில்லை. வானொலி அலை ஒன்றே அறிவுடைய உயிரைச் சுட்டியது.

இத்தகைய கருவிகளை ஊவா மலைகளின்மீது திருப்பினால் அவை காண்பது யாது? தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைகளின் மேற்குச் சரிவில் மழையைச் சொரிந்துவிட்டு, ஊவாவினை உலர் காற்றாக வந்தடையும். ஜூலை முதல் செப்டெம்பர் வரையிலான இக்காலத்தில் அப்புத்தளை, பண்டாரவளை, பசறை, நமுனுகுலைப் பகுதிகளின் வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். உலர் காற்றினால் வாட்டமுறும் தேயிலைச் செடி தன்னுள் சுரக்கும் நறுமணப் பொருள்களே ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிப் பெயரை ஈட்டித் தந்தன. அம்மாதங்களில் அச்சரிவுகளின் செவ்விளிம்பு கருவியில் தெளிவாகப் பதியும். இங்கே உயிர் உண்டு என அக்கருவி ஐயமின்றி உரைக்கும். ஆயின் முன்னர் அங்கே காடு இருந்ததையும், காடழிந்து கோப்பியும் கோப்பி அழிந்து தேயிலையும் வந்ததையும் அது உரைக்காது. செடியின் பச்சையத்தைக் காணும் அது, கொழுந்து கிள்ளும் கையைக் காணாது.

இது கருவியின் குறையன்று. எதனைத் தேடுமாறு அமைக்கப்பட்டதோ அதனையே கருவி காணும். உயிரென எதனைக் கொள்வது என்னும் முடிவு கருவிக்கு முன்னரே மனிதனால் எடுக்கப்படுகின்றது. புல்லையும் மரத்தையும் தொடுபுலன் ஒன்றேயுடைய உயிர்களென வகுத்த தொல்காப்பிய மரபியல், அறியும் புலனையே உயிருக்கு அளவுகோலாகக் கொண்டது. நவீன விஞ்ஞானம் வாயுக்களின் சமநிலைக் குலைவையும் பச்சையத்தின் தெறிப்பையும் அளவுகோலாகக் கொள்கின்றது. அளவுகோல் மாறும்போது அகப்படுவதும் மாறும்; அகப்படாது நழுவுவதும் மாறும்.

உண்டு என்பாரின் கடன்

2012 நவம்பரில் ஊவா மாகாணத்தின் மொனறாகலை மாவட்டத்திலும், அதற்கு வடக்கே பொலனறுவைப் பகுதியிலும் செந்நிற மழை பெய்தது. அதற்குப் பதினோராண்டுகளுக்கு முன்னர், 2001 ஜூலை முதல் செப்டெம்பர் வரை, கேரளத்திலும் இத்தகைய மழை பெய்திருந்தது. கேரள மழைநீரில் மிதந்த செந்துகள்கள் வேற்றுலகிலிருந்து வந்த உயிர்க்கலங்களாக இருக்கலாம் எனக் கொட்ஃப்ரி லூயிஸ், சந்தோஷ்குமார் ஆகிய இரு பௌதிகவியலாளர் 2006இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வாயிலாக முன்மொழிந்தனர். ஆனால் இந்திய ஆய்வு நிறுவனங்கள் அத்துகள்களை வளர்த்துப் பார்த்தபோது, மரப்பட்டைகளிலும் பாறைகளிலும் படரும் திரெந்தெபோலியா என்னும் அல்காவின் வித்திகளே அவை எனக் கண்டிருந்தன.

பூமியின் உயிர் விண்வெளியிலிருந்து வந்தது என்னும் கருதுகோளைப் பல்லாண்டுகளாக வாதிட்டு வருபவர் கொழும்பில் 1939இல் பிறந்த வானியலாளர் சந்திரா விக்கிரமசிங்க ஆவார். அவரும் அவருடைய ஆசிரியர் பிரெட் ஹொயிலும் வளர்த்தெடுத்த இக்கருதுகோள் அறிவுலகில் பெரும் விவாதத்தைத் தோற்றுவித்தது. 2012 டிசெம்பர் இறுதியில் பொலனறுவைக்கு அண்மையில் வீழ்ந்தனவாகக் கூறப்பட்ட கற்களில், தயற்றம் எனப்படும் நுண் அல்காக்களின் ஓடுகள் காணப்படுவதாக அவரும் சகாக்களும் 2013 ஜனவரியில் அறிவித்தனர். மறுப்புகள் உடனே எழுந்தன. அக்கற்கள் விண்கற்கள் என்பதே நிறுவப்படவில்லை என்றும், காணப்பட்ட தயற்றங்கள் பூமியின் நன்னீரில் வாழ்வனவற்றை ஒத்துள்ளன என்றும் பிறர் சுட்டிக்காட்டினர். அறிஞருலகம் அவ்வறிவிப்பை ஏற்கவில்லை.

இதனோடு ஒப்புநோக்கத்தக்கது மற்றோர் இலங்கையரின் ஆய்வு. காலியில் 1923இல் பிறந்த சிறில் பொன்னம்பெரும சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்று, பின்னர் இரசாயனத் துறையில் ஈடுபட்டு, நாசா நிறுவனத்தில் உயிரின் தோற்றம் பற்றிய ஆய்வுகளை நடத்தியவர். 1969 செப்டெம்பர் 28ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசன் என்னும் ஊரில் விண்கல் ஒன்று வீழ்ந்தது. அதில் அமினோ அமிலங்கள் இருப்பதாகப் பொன்னம்பெருமவும் கீத் குவென்வோல்டன் முதலிய சகாக்களும் 1970இல் வெளியிட்டனர். விண்கல்லைத் தொட்ட விரலிலிருந்தே அமினோ அமிலம் அதில் ஒட்டிக்கொள்ளலாம் என்னும் ஐயத்தை அவர்கள் முன்கூட்டியே எதிர்கொண்டனர். அமினோ அமிலங்கள் பெரும்பாலும் இடக்கையும் வலக்கையும் போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாகிய இரு வடிவங்களில் அமையக்கூடியவை. பூமியின் உயிர்கள் தம் புரதங்களில் இடக்கை வடிவத்தையே பயன்படுத்துகின்றன. விண்கல்லில் இருந்தவற்றிலோ இரு வடிவங்களும் ஏறத்தாழச் சம அளவில் இருந்தன. பூமியின் புரதங்களில் இடம்பெறாத அமினோ அமிலங்களும் அதில் இருந்தன. ஆகவே அவை பூமியின் கறையல்ல என்பது தெளிவாயிற்று.

இவ்வளவு உறுதியான சான்று கிடைத்த பின்னரும் அவர்கள் விண்கல்லில் உயிர் இருந்தது எனக் கூறவில்லை. உயிரின் கட்டுமானப் பொருள்கள் உயிரின்றியே விண்ணில் உருவாகக்கூடும் என்பதோடு நின்றனர். உண்டு என்பாரின் கடன் யாது என்பதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டு. தாம் விரும்பும் முடிவுக்கு எதிரான விளக்கங்களை எதிரி தேடுமுன் தாமே தேடிச் சோதித்தல் அக்கடனின் முதற்பகுதி. சான்று நின்ற இடத்திலே தாமும் நின்றுவிடுதல் அதன் இரண்டாம் பகுதி. மழை செந்நிறமாகப் பெய்தது என்பது உண்மை. அதன் செம்மையிலிருந்து விண்மீன்களை நோக்கித் தாவுவதற்கு முன்னர், அருகிலுள்ள மரப்பட்டையைப் பார்த்தாக வேண்டும்.

இல்லை என்பாரின் கடன்

உண்டு என்பார்க்குக் கடன் உள்ளமை போன்றே இல்லை என்பார்க்கும் கடன் உண்டு. காணவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. இவ்வேறுபாடு எளியதாகத் தோன்றினும், கற்றோரும் இதனை மறந்துபோதல் உண்டு.

1976ஆம் ஆண்டில் இரு வைக்கிங் விண்கலங்கள் செவ்வாயில் இறங்கி, அதன் மண்ணில் உயிரைத் தேடின. மண்ணுக்கு ஊட்டக் கரைசல் இட்டு, வெளிவரும் வாயுவை அளந்த பரிசோதனை உயிர் இருப்பது போன்ற விளைவைக் காட்டியது. ஆனால் மண்ணைச் சூடாக்கி அதில் சேதனப் பொருள்களைத் தேடிய மற்றொரு கருவி செவ்வாய்க்குரியனவாகக் கொள்ளத்தக்க எவற்றையும் காணவில்லை. சேதனப் பொருளே இல்லாத மண்ணில் உயிர் எவ்வாறு இருத்தல் கூடும் எனப் பெரும்பாலோர் முடிவு செய்தனர். முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர், 2008இல், பீனிக்ஸ் என்னும் விண்கலம் செவ்வாயின் மண்ணில் பேர்க்குளோரேற்று உப்புகள் இருப்பதைக் கண்டது. இவ்வுப்புகள் சூடாக்கப்படும்போது சேதனப் பொருளை எரித்துவிடும் இயல்பின. தேடிய கருவியின் வெப்பமே தேடப்பட்ட பொருளை அழித்திருக்கக்கூடும் என்னும் கருத்து அதன்பின் வலுப்பெற்றது. செவ்வாயில் உயிர் உண்டென இதனால் நிறுவப்படவில்லை. சோதிக்கும் முறையே சான்றினை அழிக்கவும் கூடும் என்பதே இதனாற் பெறப்படும் பாடமாகும்.

வானொலி அலைகளால் தேடுவோரின் அனுபவமும் இத்தகையதே. 1960இல் பிராங்க் டிரேக் அருகிலுள்ள இரு விண்மீன்களை நோக்கித் தம் தொலைகாட்டியைத் திருப்பியது முதல் இன்றுவரை உறுதியான அழைப்பொலி ஏதும் கேட்கப்படவில்லை. வானொலித் தொலைகாட்டியின் இயல்பை அறிய நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. தமிழகத்தின் நீலகிரியில், உதகமண்டலத்துக்கு அண்மையில், பேராசிரியர் கோவிந்த் சுவரூப் அமைத்த தொலைகாட்டி 1970 முதல் இயங்குகின்றது. 530 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமும் உடைய அது, அவ்விடத்து அகலக்கோட்டுக்கு இணங்க ஏறத்தாழ 11 பாகை சாய்ந்த மலைச்சரிவில் வடக்குத் தெற்காகக் கிடக்கின்றது. அதனால் விண்ணின் ஒரு பொருளை மணிக்கணக்காகப் பின்தொடர முடிகின்றது. இத்துணைப் பெரிய கருவியும் வானில் ஒரு சிறு பகுதியை, ஒரு குறித்த அதிர்வெண்ணில், ஒரு குறித்த நேரத்திலேயே கேட்கின்றது. ஏனைய திசைகளின் மௌனமும் ஏனைய அதிர்வெண்களின் மௌனமும் கேட்கப்படாத மௌனங்களே. கேளாத செவியின் முன் நிலவும் அமைதியைக் கொண்டு பேசுவார் இலர் எனத் துணிதல் பொருந்தாது.

ஐயத்தின் பயன் யாருக்கு?

ஆகவே, உண்டு என்பாரும் இல்லை என்பாரும் சான்றுக்குக் கடப்பாடுடையவரே. எனினும் சான்று இருபுறமும் போதாதபோது, ஐயத்தின் பயனை யாருக்கு அளிப்பது? இதனைத் தருக்கம் மட்டும் தீர்த்துவைக்காது. நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டவர்க்கே சந்தேகத்தின் பயன் அளிக்கப்படுகின்றது. அவர் குற்றமற்றவராக இருப்பதற்கே நிகழ்தகவு மிகுதி என்பது இதற்குக் காரணமன்று. குற்றவாளி ஒருவன் தப்புவதைக் காட்டிலும் குற்றமற்றவன் தண்டிக்கப்படுதல் பெருந்தீங்கு என மனித சமூகம் முடிவு செய்ததே காரணம். ஆகவே, சான்றின் சுமையை எத்தோளில் ஏற்றுவது என்பது எத்தவறு கொடியது என்பதனைப் பொறுத்ததாகும்.

வேற்றுலக உயிர் பற்றிய வினாவிலும் இருவகைத் தவறுகள் உள்ளன. இல்லாத உயிரை உண்டெனல் ஒன்று; உள்ள உயிரை இல்லையெனல் மற்றொன்று. செந்நிற மழையை விண்ணுயிர் எனக் கொண்டால் கேடுறுவது அறிவு. அக்கேடு பெரியதே எனினும் அடுத்த ஆய்வினால் திருத்தத்தக்கது. ஆனால் உயிருள்ள ஓர் உலகினை உயிரற்றதென எண்ணி, பூமியின் நுண்ணுயிர்களை அங்கே கொண்டுசென்று பரப்பிவிட்டால், அத்தவறு திருத்தவொண்ணாதது.

இவ்வேறுபாட்டை விண்வெளி ஆய்வுலகம் உணர்ந்து நடந்துள்ளமை பாராட்டற்பாலது. 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை, பிற வான்பொருள்களைத் தீங்கான முறையில் மாசுபடுத்துதலைத் தவிர்க்குமாறு நாடுகளைப் பணிக்கின்றது. வியாழனின் துணைக்கோளாகிய யூரோப்பாவின் பனிப்பரப்பின் கீழ்க் கடல் இருக்கக்கூடும் என்பதால், கலிலியோ விண்கலம் தன் பணி முடிந்தபின் அதன்மீது தற்செயலாக வீழ்ந்துவிடாதவாறு 2003 செப்டெம்பர் 21ஆம் திகதி வியாழனுக்குள் வீழ்த்தி அழிக்கப்பட்டது. சனியின் துணைக்கோள்களாகிய என்செலாடசையும் தைத்தனையும் காக்கும்பொருட்டு, கசினி விண்கலம் 2017 செப்டெம்பர் 15ஆம் திகதி சனிக்குள் செலுத்தி அழிக்கப்பட்டது. அங்கே உயிர் உண்டென்பதற்கு ஒரு சான்றும் இல்லை. இருக்கக்கூடும் என்னும் ஐயம் மட்டுமே உண்டு. ஒருவரும் கண்டிராத நுண்ணுயிர்க்கு ஐயத்தின் பயனை அளித்து, பெரும்பொருட் செலவில் ஆக்கிய கலங்களை மனிதன் அழித்தான். அறவியலின் வரலாற்றில் இது சிறிய செயலன்று.

ஊவாவின் சான்று

இத்தகைய அறவுணர்வு படைத்த அதே நூற்றாண்டில், கண்முன் வாழ்ந்த மனிதர்பால் எத்தகைய நியதி கைக்கொள்ளப்பட்டது என்பதனை ஊவாவின் தோட்டங்கள் கூறும்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தமை மட்டுமே பிரசையாவதற்குப் போதாது என விதித்தது. தந்தை, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தமை நிறுவப்படல் வேண்டும். அடுத்த ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினர் விண்ணப்பித்துப் பிரசையாக வழி வகுத்தது. அதற்கும் இடையறாத வதிவினை ஆவணங்களால் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. லயத்துக் காம்பிராவிற் பிறந்து, லயத்திலேயே மாண்ட பாட்டனின் பிறப்புப் பத்திரத்தை எங்கே தேடுவது? நூறாண்டாக மலையைப் பசுமையாக்கிய கை, தான் இருந்தமைக்குத் தாளிற் சான்று காட்டுமாறு கேட்கப்பட்டது. விண்ணப்பித்தோரில் பெரும்பாலோர் ஏற்கப்படவில்லை. 1964 ஒக்டோபரில் கைச்சாத்திடப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை நாடற்றவராகக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்த் தீர்மானிக்க விட்டுவைத்தது. அவ்வொப்பந்தத்தின்படி கடல் கடந்தோருட் பலர், உதகையின் தொலைகாட்டி விண்ணின் மெல்லொலிகளைச் செவிமடுத்துக்கொண்டிருந்த அதே நீலகிரியில், தமிழக அரசின் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறிக்கலாயினர்.

தோட்டத்தின் அன்றாட வழக்கிலும் இவ்வினா ஒலிப்பதைக் காணலாம். தோட்டத்தில் ‘பேர்’ என்னும் சொல் ஒரு நாளைய வேலையையும் அதற்குரிய சம்பளத்தையும் குறிக்கும். செக்றோலில் பதியப்பட்டால் பேர் விழுந்தது என்பர். மடுவத்துத் தராசில் கொழுந்தின் நிறை விதித்த அளவுக்குக் குறைந்தால் ‘அரைப்பேர்’ என்பர். கொழுந்தின் நிறை குறையின் ஆளின் பெயரும் பாதியாகிவிடுகின்றது. விண்ணிலிருந்து நோக்கும் கருவி போன்றே மண்ணிலுள்ள தராசும் இலையை மட்டுமே அளந்தது. விண்கலத்தின் கருவிக்கு இலையன்றி வேறொன்றைக் காணும் ஆற்றல் இல்லை. தராசைப் பிடித்தவர்க்கோ அவ்வாற்றல் இருந்தது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. மலை சரியும் என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்ட உண்மையன்று. சரியக்கூடும் என்னும் ஐயமே இருந்தது. அவ்வையத்தின் பயன் அங்கு வாழ்ந்தோர்க்குக் கிடைக்கவில்லை. சரிந்த பின்னர், மண்ணின் கீழிருப்போர் எத்தனை பேர் என்பதும் உடனே தெரியவில்லை. முதல் நாட்களில் நூற்றுக்கணக்கில் கூறப்பட்ட தொகை பின்னர்ப் பன்மடங்கு குறைந்தது. தொலைவிலுள்ள கோளொன்றின் வளியில் உள்ள வாயுக்களை அளக்கும் காலத்தில், ஒரு மலைச்சரிவில் முதல்நாள் இரவு உறங்கியோர் எத்தனை பேர் என்பதை உறுதியாகக் கூற முடியாதிருந்தது.

ஆட்சேபங்கள் இரண்டு

இவ்வொப்பீட்டுக்கு ஆட்சேபங்கள் எழலாம். தோட்ட மக்கள் இருக்கின்றனர் என்பதை எவரும் மறுக்கவில்லை. அவர்களது உரிமையே விவாதத்துக்குரியதாயிற்று. ஆகவே வேற்றுலக உயிரின் இருப்போடு அதனை ஒப்பிடல் பொருந்தாது என்பது முதலாவது. இவ்வேறுபாடு மெய்யே. ஆயினும் ஓர் அரசின் முன் இருத்தல் என்பது பதிவிலும் வாக்கிலும் குரலிலும் இருத்தலாகும். உடலால் உள்ள ஒருவரை ஏட்டில் இல்லாதவராக்குதலும் ஒருவகை இல்லையென்னும் கூற்றே. அன்றியும், இருப்பே ஐயத்துக்குரிய நுண்ணுயிர்க்கு அளிக்கப்பட்ட பயன், இருப்பு ஐயத்துக்கு இடமற்ற மனிதர்க்கு அளிக்கப்படவில்லை என்பதால் முரண் இன்னும் கூர்மையடைகின்றதேயன்றிக் குறையவில்லை.

ஐயத்தின் பயனை எப்போதும் மறுபக்கத்துக்கே அளிப்பதாயின் எச்செயலும் இயலாது. ஒரு கிணறு தோண்டுவதற்கும் மண்ணிலுள்ள எல்லா உயிர்க்கும் அஞ்ச வேண்டிவரும் என்பது இரண்டாவது. இதற்கு விடையாக மூன்று அளவைகளைக் கூறலாம். ஐயம் வெறுங்கற்பனையாயன்றி அடிப்படை உடையதாயிருத்தல் வேண்டும். தவறு நேரின் விளையும் தீங்கு மீட்கவொண்ணாததா என நோக்குதல் வேண்டும். இல்லை என்னும் தீர்ப்பினால் நன்மை பெறுபவரே அத்தீர்ப்பை வழங்குபவராக இருத்தல் ஆகாது. யூரோப்பாவின் கடல் முதலிரண்டு அளவைகளாலும் காப்புக்குரியதாயிற்று. மூன்றாவது அளவையே மனிதரிடையே மிகுதியும் மீறப்படுவது. வாக்காளர் தொகை குறைவதால் பயன்பெற்றோரே வாக்குரிமைக்குரிய சான்றின் அளவையும் விதித்தனர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

சான்றின் சுமை இடம் மாற்றத்தக்கது என்பதையும் வரலாறு காட்டுகின்றது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிந்துவந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமையை வழங்கியது. பாட்டனின் பத்திரம் பின்னே சென்றது. வாழ்ந்த வாழ்வு சான்றாயிற்று. இதற்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. அதற்குள் ஒரு தலைமுறை நாடற்றதாகவே மறைந்தது.

முடிபு

வேறோர் உலகில் உயிர் உண்டா என்பதற்கு இன்று விடையில்லை. விடை கிடைக்கும் நாளில் அது ஐயத்திற்கிடமின்றித் தெளிவாக வரும் என எதிர்பார்த்தலும் கூடாது. கோளொன்றின் வளியில் ஒரு வாயுவின் மங்கிய தடமாகவோ, கல்லொன்றிற் படிந்த ஒரு கறையாகவோ, நெடுங்காலம் விவாதிக்கப்படும் ஒரு குறிப்பாகவோதான் அது வரக்கூடும். அப்போது அறிவைக் காக்கும்பொருட்டு உண்டு என்பாரிடம் சான்று கேட்டல் முறை. அவ்வுயிர்க்குத் தீங்கு நேரக்கூடிய செயலில் இறங்குமுன், இல்லை என்பாரிடம் சான்று கேட்டலும் முறை. இவ்விரு கேள்விகளையும் அதனதன் இடத்திற் கேட்கும் பயிற்சி விண்ணில் தொடங்குவதன்று. மடுவத்துத் தராசின் முன்னும், பதிவேட்டின் முன்னும், எச்சரிக்கப்பட்ட மலைச்சரிவின் கீழும் அப்பயிற்சி நாள்தோறும் வேண்டப்படுகின்றது. அருகிலுள்ள உயிரிடம் மெய்ப்பிக்குமாறு கேட்டுப் பழகிய சமூகம், தொலைவிலுள்ள உயிரைக் கண்டறிந்தாலும் அதனை உயிரென மதிக்கும் என்பதற்கு உறுதி யாதுமில்லை.